பழைய அம்பாசிடர் தீப்பிடித்தால் இன்சூரன்ஸில் என்ன கிடைக்கும்?

வாசகர் கேள்வி: பொள்ளாச்சியில் இருக்கிறேன், பெயர் வேண்டாம். அப்பா 1968இல் வாங்கிய அம்பாசிடர் மார்க் 2 எங்கள் வீட்டில் இன்னும் ஓடுகிறது. ஒரிஜினல் பெட்ரோல் இன்ஜின். நாலு லட்சம் வரை செலவழித்து டிங்கரிங், பெயின்ட், சீட், வயரிங் எல்லாம் செய்தேன். ஏசியும் ஸ்டீரியோவும் புதிதாகப் போட்டேன். டைனமோவுக்குப் பதில் ஆல்டர்னேட்டர். போன மாதம் ஒரு நாள் காலையில் வீட்டு ஷெட்டில் ஸ்டார்ட் செய்து ஓடவிட்டிருந்தபோது பானட்டுக்குள் தீப்பிடித்தது. முன்பக்கம், டேஷ்போர்டு, முன்சீட் எல்லாம் போய்விட்டது. ஷெட் கூரை, பக்கத்தில் நின்ற என் ஸ்கூட்டர், பக்கத்து வீட்டுக்காரரின் தண்ணீர்த் தொட்டி எல்லாவற்றுக்கும் சேதம். என் கையிலும் காயம். பெட்ரோல் ஹோஸ் கசிந்திருக்கிறது என்கிறார் மெக்கானிக். "அதைச் சொன்னால் மெக்கானிக்கல் கோளாறு என்று கிளைமை மறுத்துவிடுவார்கள், சேதத்தை மதிப்பிட வரும் சர்வேயரிடம் வாயைத் திறக்காதீர்கள்" என்கிறார் ஏஜென்ட். பாலிசி காம்ப்ரிஹென்சிவ், ஐ.டி.வி. (பாலிசியில் வண்டிக்குப் போட்டிருக்கும் மதிப்பு) ஒன்றரை லட்சம், ஆர்.சி. 2028 வரை இருக்கிறது. எஸ்டிமேட் 2,60,000 ரூபாய். வண்டியை விட மனசில்லை. என்ன செய்யலாம்?

பதில்:

வணக்கம். முதலில் ஏஜென்ட் சொன்னதை மறந்துவிடுங்கள். அவர் நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார், ஆனால் அந்த யோசனைப்படி நடந்தால் வரவேண்டிய பணமும் வராது. ஹோஸ் கசிந்ததை மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. உங்கள் பாலிசியின் முதல் பிரிவை எடுத்துப் படியுங்கள், எந்தெந்த ஆபத்துக்குப் பாதுகாப்பு என்று வரிசையாகப் போட்டிருக்கும், அதில் முதல் வரியிலேயே தீ, வெடிப்பு, தானாகத் தீப்பற்றுதல், மின்னல் என்று இருக்கும். வெளியிலிருந்து தீ வந்து பிடித்தால்தான் தருவோம் என்று எங்கேயும் இல்லை. தானாகப் பற்றிக்கொண்டதும் சேர்த்தி.

அப்படியானால் ஏஜென்ட் எதைப் பார்த்துப் பயப்படுகிறார்? விலக்குகள் பகுதியில் தேய்மானம், மெக்கானிக்கல் அல்லது எலெக்ட்ரிக்கல் கோளாறு, உடைதல் ஆகியவற்றுக்குப் பணம் கிடையாது என்று இருப்பதைப் பார்த்துத்தான். அந்த விலக்கு கோளாறான பொருளுக்கு மட்டும். மக்கிப்போன ஹோஸின் விலையைக் கம்பெனி தராது, அது சில நூறு ரூபாய். அந்த ஹோஸ் கசிந்து மூண்ட தீயில் எரிந்த ஃபெண்டர், வயரிங், டேஷ்போர்டு, சீட் எல்லாம் தீச்சேதம், அதற்குக் கம்பெனி பொறுப்பு. ஷார்ட் சர்க்யூட்டில் பிடித்த தீயும் இதே கணக்குதான். "எலெக்ட்ரிக்கல் பிரேக்டவுன், ஆகவே நிராகரிக்கிறோம்" என்று ஒற்றை வரியில் கடிதம் வந்தால் அதை ஏற்றுக்கொண்டு பேசாமல் இருந்துவிடாதீர்கள்.

மறைத்தால் என்ன ஆகும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், நான் சர்வேயர் வேலையில் இருப்பவன். எரிந்த வண்டியைப் பார்க்கும் சர்வேயர் முதலில் பானட்டைத் தூக்கி அதன் அடிப்பக்கத்தைத்தான் பார்ப்பார். தீ எங்கே தொடங்கியதோ அதற்கு நேர் மேலே பெயின்ட் முழுவதும் எரிந்து தகடு வெளுத்துப் போயிருக்கும், தள்ளிப் போகப் போகக் கரிப்படலம் கூடும். அங்கிருந்து நேர் கீழே டார்ச் அடித்தால் ஃப்யூயல் பம்புக்கும் கார்புரேட்டருக்கும் நடுவில் ஹோஸ் மாட்டிய இடம் தெரியும், ரப்பர் எரிந்து போனாலும் கிளிப் அங்கேயே கிடக்கும். ஷார்ட் சர்க்யூட் என்றால் செம்புக் கம்பியின் நுனி உருகிச் சின்னச் சின்ன உருண்டையாகத் திரண்டிருக்கும். இதையெல்லாம் பார்த்துவிட்டு உங்கள் வாக்குமூலத்தில் "காரணம் தெரியவில்லை" என்று படித்தால் அவருக்குச் சந்தேகம் வரத்தான் செய்யும். தீயைக் கூடப் பாலிசி மன்னிக்கும், பொய்த் தகவலை மன்னிக்காது. மெக்கானிக் என்ன சொன்னாரோ அதை அப்படியே எழுதிக் கொடுங்கள்.

கம்பெனி வேறொரு நிபந்தனையைக் கையில் எடுக்கலாம். வண்டியை நல்ல நிலையில் பராமரிக்க வேண்டியது உங்கள் கடமை என்று பாலிசியில் இருக்கிறது. இதற்குப் பதில் உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது, நாலு லட்சத்துக்கு வேலை பார்த்த பில்கள், வேலை நடந்தபோது எடுத்த படங்கள், மெக்கானிக் கையெழுத்துப் போட்ட கடிதம். அக்கறையில்லாமல் போட்டு வைத்திருந்த வண்டி அல்ல இது என்று அவை காட்டிவிடும். இப்போது பங்க்கில் கிடைப்பது இ20 பெட்ரோல், அதிலுள்ள எத்தனால் பழைய காலத்து ரப்பரை வேகமாகக் கெடுக்கும், இரண்டு வருடம் முன்பு நன்றாக இருந்த ஹோஸ் இன்று மக்கியிருப்பதில் ஆச்சரியமில்லை. இ20 போட்டதால் இன்சூரன்ஸ் செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், அப்படி இல்லை என்று பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் விளக்கம் கொடுத்துவிட்டது.

ஆர்.சி. உயிரோடு இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். பதினைந்து வருடம் தாண்டிய வண்டிக்கு ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும், பழைய கார் வைத்திருக்கும் பலர் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். பதிவில்லாமல் ஓடிய வண்டியின் கிளைமை மறுத்தது சரியே என்று உச்ச நீதிமன்றம் 2014இல் சொல்லிவிட்டது. ஆல்டர்னேட்டரைப் பற்றிக் கவலை வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு கேட்பது ஆர்.சி.யில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை மாற்றியிருக்கிறீர்களா என்பதை. டைனமோ எந்த ஆர்.சி.யிலும் ஏறுவதில்லை. இன்ஜினையே மாற்றி ஆர்.சி.யில் ஏற்றாமல் விட்டிருந்தாலோ, கேஸ் கிட் போட்டு பாலிசியில் சேர்க்காமல் இருந்தாலோ இந்தப் பதிலை வேறு மாதிரி எழுத வேண்டியிருக்கும். புகைச் சான்றிதழ் காலாவதியாகியிருந்தாலும் அதைக் காரணமாகக் காட்டிக் கிளைமை மறுக்க முடியாது, 2020இல் இன்சூரன்ஸ் ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

ஆக, கிளைம் வரும். உண்மையான சிக்கல் தொகையில்தான், அந்தத் தொகையைத் தீர்மானிப்பது ஐ.டி.வி. ஒன்றரை லட்சம் என்ற எண்.

புது வண்டிக்கு ஐ.டி.வி. போட அட்டவணை இருக்கிறது, ஐந்து வருடம் வரைக்கும்தான். ஐந்து வருடம் தாண்டியதற்கும், தயாரிப்பு நின்றுபோன மாடலுக்கும் கம்பெனியும் உரிமையாளரும் பேசி ஒத்துக்கொள்ளும் தொகையே ஐ.டி.வி. என்பதுதான் விதி. அம்பாசிடர் 2014இலேயே நின்றுவிட்டது. அதாவது நீங்கள் மதிப்பீட்டுச் சான்றிதழோடு ஆறு லட்சம் கேட்டிருக்கலாம், கம்பெனி படம் எடுத்து, ஆள் அனுப்பிப் பார்த்து, ஒத்துக்கொண்டிருக்கலாம். ரின்யூவல் மெசேஜில் வந்த தொகையைக் கட்டியதால் ஒன்றரை லட்சத்தில் நிற்கிறது. தீப்பிடித்த பிறகு இதை மாற்ற வழியில்லை. நாலு லட்சம் செலவழித்த பில்லைக் காட்டினாலும் ஐ.டி.வி.க்கு மேல் ஒரு ரூபாய் வராது.

இனி கணக்கு. ஜி.எஸ்.டி.யை விட்டுவிட்டு, உங்கள் எஸ்டிமேட்டை நானே தோராயமாகப் பிரித்துக்கொள்கிறேன்: தகடு, இரும்புப் பாகங்கள் 1,10,000, ரப்பர், பிளாஸ்டிக், வயரிங், பேட்டரி 40,000, பெயின்டிங் 60,000, கூலி 50,000. பத்து வருடம் தாண்டிய வண்டிக்கு இரும்பு பாகங்களில் பாதி தேய்மானம், ரப்பர் பிளாஸ்டிக்குக்கு எந்த வயசானாலும் பாதி. ஆகவே 55,000 + 20,000. பெயின்டிங் பில்லில் கால்பங்கை மெட்டீரியல் என்று எடுத்து அதில் பாதியைக் கழிப்பார்கள், அதாவது 7,500 போக 52,500. கூலிக்குக் கழிவு இல்லை. கண்ணாடிக்கும் தேய்மானம் கிடையாது, முன் கண்ணாடி வெடித்திருந்தால் மறக்காமல் சேருங்கள். மொத்தம் 1,77,500. பானட்டைத் தூக்கும் முன்பே பாகங்களின் விலையில் பாதி தேய்மானத்தில் போகிறதே என்று கோபம் வரும், நியாயம்தான், ஆனால் தேய்மானம் கழிக்காமல் தரும் ஜீரோ டிப் போன்ற கூடுதல் பாதுகாப்பை இந்த வயசு வண்டிக்குப் பொதுவாகத் தருவதில்லை.

ரிப்பேர் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் டோட்டல் லாஸ், அதாவது வண்டி முழுதாகப் போனதாகக் கணக்கு. உங்களுக்கு அந்த எல்லை 1,12,500. 1,77,500 அதைத் தாண்டிவிட்டது. எனவே கம்பெனி ஒன்றரை லட்சத்தில் கட்டாயக் கழிவு 1,000 போக (உங்கள் இன்ஜின் 1489 சிசி, 1500க்கு மேல் இருந்தால் 2,000) 1,49,000 கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொள்ளும். இதே ஐ.டி.வி. ஆறு லட்சமாக இருந்திருந்தால் எல்லை நாலரை லட்சம், இது சாதாரண ரிப்பேர் கிளைம், 1,76,500 ரூபாயும் வந்து வண்டியும் வீட்டிலேயே இருந்திருக்கும்.

வண்டியை விட மனசில்லை என்கிறீர்கள். இரண்டு வழி இருக்கிறது, இரண்டையும் நிதானமாக யோசியுங்கள்.

ஒன்று, நெட் ஆஃப் சால்வேஜ். எரிந்த வண்டிக்கு வெளியில் என்ன விலை கிடைக்கும் என்று கம்பெனி ஏலத்தில் கேட்கும், அந்த விலையைக் கழித்துக்கொண்டு மீதியை உங்களுக்குக் கொடுக்கும், வண்டி உங்களுடையது. 40,000 கேட்டார்கள் என்று வைத்துக்கொண்டால் கையில் 1,09,000. இங்கே கட்டாயம் கேட்க வேண்டியது, அந்த ஏலம் ஆர்.சி.யோடு நடந்ததா, ஆர்.சி. இல்லாமலா என்று. ஆர்.சி.யோடு என்றால் பழைய நம்பருக்காகவே சேகரிப்பவர்கள் விலையை ஏற்றுவார்கள், உங்கள் தொகை குறையும். ஆர்.சி. இல்லாமல் என்றால் வண்டியின் பதிவையே ரத்து செய்துவரச் சொல்வார்கள். நிரந்தரமாக உபயோகிக்க முடியாமல் போன வண்டியைப் பற்றி 14 நாளில் பதிவு அதிகாரியிடம் தெரிவிக்க வேண்டும் என்று சட்டத்தின் 55ஆம் பிரிவு சொல்கிறது, அதைக் காட்டித்தான் கேட்பார்கள். பதிவு ரத்தானால் அப்பா காலத்து நம்பர் போனது போனதுதான், திரும்ப ரோட்டில் ஏற்றுவதும் பெரும்பாடு. "வித் ஆர்.சி." என்று எழுத்தில் வாங்காமல் எந்தச் சம்மதக் கடிதத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள்.

இரண்டாவது வழியை நான் உங்கள் இடத்தில் இருந்தால் முதலில் முயன்று பார்ப்பேன். எஸ்டிமேட்டைக் குறையுங்கள். புது பானட், புது ஃபெண்டர் என்று போட்டால்தான் 1,10,000. நல்ல நிலையில் உள்ள பழைய பாகங்கள் கோவை உக்கடத்திலும் சென்னை புதுப்பேட்டையிலும் தேடினால் கிடைக்கும், அம்பாசிடருக்கு இன்னும் பஞ்சம் வரவில்லை. இரும்பு 45,000, ரப்பரும் வயரிங்கும் 30,000, பெயின்டிங் 40,000, கூலி 35,000 என்று 1,50,000க்குள் அடக்க முடிந்தால் தேய்மானம் போக நிற்பது 1,07,500. இது 1,12,500க்குக் கீழே. டோட்டல் லாஸ் இல்லை, 1,06,500 கையில், ஆர்.சி.யை யாரும் தொட மாட்டார்கள், நம்பர் அப்படியே இருக்கும். முதல் வழியில் வரும் பணத்துக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை பாருங்கள். சில அலுவலகங்கள் தேய்மானம் கழிக்காத முழு எஸ்டிமேட்டை வைத்து 75 சதவீதம் பார்ப்பார்கள், அப்போது "பாலிசியின் நிபந்தனைகளுக்கு உட்பட்டு" என்ற சொற்கள் அந்த டோட்டல் லாஸ் வாக்கியத்திலேயே இருப்பதைச் சுட்டிக்காட்டுங்கள், தேய்மானமும் அந்த நிபந்தனைகளில் ஒன்று. பழைய பாகம் வாங்கும் கடையில் துண்டுச் சீட்டு கொடுத்தால் போதாது, பில் கேட்டு வாங்குங்கள், எரிந்த பாகங்களை ரீ-இன்ஸ்பெக்ஷன் (வேலை முடிந்ததும் சர்வேயர் மறுபடி வந்து பார்ப்பது) முடியும்வரை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். இதற்காக எஸ்டிமேட்டில் பொய்யாகக் குறைத்து எழுத வேண்டாம், உண்மையிலேயே அந்தச் செலவில் வேலை முடியுமா என்று டிங்கரிடமும் எலெக்ட்ரீஷியனிடமும் உட்கார்ந்து பேசிவிட்டு எழுதுங்கள்.

ஏசிக்கும் ஸ்டீரியோவுக்கும் பணம் வராது. கம்பெனியிலிருந்து வரும்போதே இருந்தவை அல்ல, தனியாக மதிப்புச் சொல்லி நான்கு சதவீதம் கூடுதல் பிரீமியம் கட்டியிருந்தால் வந்திருக்கும். எஸ்டிமேட்டில் அவற்றைச் சேர்த்திருந்தால் எடுத்துவிடுங்கள், தேவையில்லாமல் மொத்தத்தைத்தான் ஏற்றும். ஷெட் கூரையும் ஸ்கூட்டரும் உங்கள் சொந்தப் பொருள், கார் பாலிசியின் மூன்றாம் நபர் பிரிவு சொந்தப் பொருளுக்குப் பொருந்தாது. ஸ்கூட்டருக்கு அதன் பாலிசி காம்ப்ரிஹென்சிவாக இருந்தால் அதிலும், கூரைக்கு வீட்டு இன்சூரன்ஸ் இருந்தால் அதிலும் தனித்தனியாகக் கிளைம் போடுங்கள். கைக் காயத்துக்கு மருத்துவ இன்சூரன்ஸ்தான், கார் பாலிசியிலுள்ள 15 லட்சம் விபத்துக் காப்பு மரணத்துக்கும் நிரந்தர ஊனத்துக்கும் மட்டும்.

பக்கத்து வீட்டுத் தொட்டி விஷயம் கொஞ்சம் கவனமாகக் கையாள வேண்டியது. அடுத்தவர் சொத்துச் சேதத்துக்கு உங்கள் பாலிசியில் ஏழரை லட்சம் வரை இடமிருக்கும், குறைந்த பிரீமியத்துக்காக அதை 6,000 ரூபாயாகச் சுருக்காமல் இருந்தால். ஆனால் கம்பெனியின் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் "தவறு என்னுடையது, நான் தந்துவிடுகிறேன்" என்று எழுதிக் கொடுப்பதைப் பாலிசி தடுக்கிறது. ஆகவே கம்பெனிக்கு முதலில் கடிதம். தொட்டி நாலைந்தாயிரம்தான் என்றால் கையிலிருந்தே கொடுத்து உறவைக் காப்பாற்றிக்கொள்வது புத்திசாலித்தனம், கிளைமில் அதைத் திரும்பக் கேட்க முடியாது என்று தெரிந்தே கொடுங்கள்.

கம்பெனிக்கு இன்னும் எழுத்தில் தெரிவிக்கவில்லை என்றால் இன்றே மின்னஞ்சல் அனுப்புங்கள், தாமதத்துக்கான காரணத்தையும் சொல்லுங்கள். தாமதம் ஒன்றையே சாக்காகக் காட்டி உண்மையான கிளைமை மறுக்கக் கூடாது என்று ஐ.ஆர்.டி.ஏ.ஐ. 2011இலேயே சுற்றறிக்கை விட்டிருக்கிறது. தீயணைப்பு நிலையத்துக்குப் போன் செய்திருந்தால் அவர்களிடம் தீ விபத்து அறிக்கை வாங்குங்கள். போலீஸில் எஃப்.ஐ.ஆர். வேண்டியதில்லை, புகார் கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்கி வைத்தால் போதும். சர்வேயர் பார்க்கும்வரை வண்டியைக் கழுவுவதோ, இடம் மாற்றுவதோ, கருகிய வயர்களை வெட்டி எறிவதோ கூடாது. கட்டி இழுத்துத்தான் ஆக வேண்டுமென்றால் எல்லாக் கோணத்திலும் படம் எடுத்த பிறகு செய்யுங்கள், அந்தச் செலவில் பொதுவாக 1,500 ரூபாய் வரை திரும்பக் கிடைக்கும். 2024இல் வந்த விதிப்படி சர்வேயரை 24 மணி நேரத்துக்குள் நியமிக்க வேண்டும், அவர் 15 நாளில் அறிக்கை தர வேண்டும், அதற்குப் பிறகு ஏழு நாளில் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். அறிக்கையின் நகலைக் கேட்டு வாங்குங்கள். சர்வேயர் எழுதியதே கடைசி வார்த்தை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2009இல் தீர்ப்பளித்திருக்கிறது, நான் சர்வேயராக இருந்தும் இதைச் சொல்கிறேன், ஏனென்றால் பழைய வண்டிகளின் பாக விலையும் வேலை நுணுக்கமும் எங்கள் எல்லோருக்கும் தெரியும் என்று சொல்ல முடியாது.

மறுத்தாலோ அடிமாட்டு விலை சொன்னாலோ முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டால், வந்தும் திருப்தி இல்லாவிட்டால், சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேன் அலுவலகத்துக்குப் போகலாம். 50 லட்சம் வரையான தகராறுகளை விசாரிப்பார்கள், கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும்.

கேள்வியில் இல்லாவிட்டாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். வண்டி மறுபடி ஓடத் தொடங்கியதும் ஆன்லைனில் ரின்யூவல் செய்யாதீர்கள், கிளை அலுவலகத்துக்கு நேரில் போய் மதிப்பீட்டுச் சான்றிதழ், படங்கள், பில்கள் எல்லாம் கொடுத்து ஐ.டி.வி.யை உயர்த்திக் கேளுங்கள். பழைய டாரிஃப் (பிரீமிய அட்டவணை) விகிதத்தில் ஐ.டி.வி.யில் நூற்றுக்கு சுமார் மூன்றரை ரூபாய் பிரீமியம், தள்ளுபடி போக அதைவிடக் குறையும். விண்டேஜ் கார் என்று சொல்லி முழுத்தொகையையும் முன்கூட்டியே ஒப்புக்கொள்ளும் பாலிசி கேட்கலாமா என்று உங்களுக்குத் தோன்றலாம். இன்சூரன்ஸ் டாரிஃப்படி அது 1940 டிசம்பர் 31க்கு முன் தயாரான, கிளப் சான்றிதழ் பெற்ற கார்களுக்கு மட்டும். ஆர்.டி.ஓ.வில் 50 வருடம் தாண்டினால் விண்டேஜ் என்று 'வி.ஏ.' எழுத்து போட்ட நம்பர் தருகிறார்கள், 2021இல் வந்த விதி அது, ஆனால் அந்தப் பதிவில் கண்காட்சி, ராலி, பெட்ரோல் போட, சர்வீஸ் போன்ற காரியங்களுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். நீங்கள் வழக்கமாக ஓட்டுபவர், அது உங்களுக்குச் சரிப்படாது.

சர்வேயர் அறிக்கை கைக்கு வந்ததும் பாகங்களின் பட்டியலும் தேய்மானம் போட்ட பக்கமும் மட்டும் படம் எடுத்து எனக்கு அனுப்புங்கள், எதை எந்த வகையில் சேர்த்திருக்கிறார் என்று பார்த்துச் சொல்கிறேன்.